கிறிஸ் ஹில்மன்: ஒரு பாஸ் கலைஞரும் பாடலாசிரியரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க கன்ட்ரி இசையை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தும்போதெல்லாம் கிறிஸ் ஹில்மனின் பதிவுகளிலிருந்து தொடங்குவது என் வழக்கம். கேட்டுவிட்டுத் திரும்பி வருபவர்கள் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே வரிசைப்படுத்தி, விடைகளுடன் இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் சில விடைகளுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும் என்பதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

யார் இந்த கிறிஸ் ஹில்மன்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1944 டிசம்பர் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். சான் டியாகோ மாவட்டத்தில் ரான்சோ சாண்டா ஃபே என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பதின்ம வயதில் மேண்டலின் வாசித்தார். 1964 முதல் 1968 வரை தி பேர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற ராக் குழுவின் பாஸ் கலைஞராக இருந்தார். பிறகு பாடகரும் பாடலாசிரியருமான கிராம் பார்சன்ஸுடன் சேர்ந்து தி ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவை அமைத்தார். 1980களின் நடுவில் தொடங்கிய தி டெசர்ட் ரோஸ் பேண்ட் குழுவின் தலைவராகவும் முதன்மைப் பாடகராகவும் கன்ட்ரி வானொலியில் முதலிடம் பிடித்தார். இந்தக் குழுக்கள் எல்லாவற்றிலும் பாடல்கள் எழுதினார். 1991இல் தி பேர்ட்ஸ் குழுவின் மற்ற நால்வருடன் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

கன்ட்ரி, ப்ளூகிராஸ், கன்ட்ரி ராக் என்று மூன்று சொல்கிறீர்கள். மூன்றும் ஒன்றுதானே?

ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றல்ல. கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென்மாநிலக் கிராமப்புற மக்களின் பாட்டிலிருந்து வளர்ந்து, நாஷ்வில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய இசைத்தொழில். அதற்குள் ஒரு கிளை ப்ளூகிராஸ். 1940களில் பில் மன்றோ உருவாக்கிய அந்த இசையில் டிரம் கிடையாது, மின்கருவியும் கிடையாது. மேண்டலின், பாஞ்சோ, ஃபிடில், கிட்டார், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பாஸ் ஆகியவை மட்டுமே. கன்ட்ரி ராக் என்பது 1960களின் பிற்பகுதியில் ராக் குழுக்கள் கன்ட்ரியின் பாடல் வடிவத்தையும் பெடல் ஸ்டீல் கிட்டாரையும் தங்கள் இசைக்குள் கொண்டுவந்தபோது பிறந்தது. ஹில்மன் ப்ளூகிராஸில் தொடங்கி, ராக் வழியாக, கன்ட்ரியில் வந்து சேர்ந்தவர். கீழே உள்ள விடைகளில் பாதிக்கு இந்த ஒரு வரி போதுமான திறவுகோல்.

பாஸ் கிட்டார் அப்படி என்னதான் செய்கிறது? எனக்குத் தனியாகக் காதில் விழுவதே இல்லையே.

தனியாகக் காதில் விழாமல் இருப்பது பெரும்பாலும் அது ஒழுங்காக வாசிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளம். கன்ட்ரி பாட்டில் பாஸின் அடிப்படை வேலை மிக எளியது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் முதல் எண்ணிக்கையில் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின்) மூல ஸ்வரம், மூன்றாவதில் அதன் ஐந்தாம் ஸ்வரம். நம் வழக்கில் சொன்னால் ஸ, ப, ஸ, ப. கார்டு மாறும்போது ஸட்ஜமும் உடன் மாறுகிறது. பாடுபவரும் கிட்டார் வாசிப்பவரும் எங்கே நிற்கிறோம் என்பதை இந்த இரண்டு ஸ்வரங்களை வைத்தே அறிகிறார்கள்.

கேட்டுப் பழக ஒரு வழி சொல்கிறேன். சிறிய கைப்பேசி ஸ்பீக்கரில் பாஸ் ஏறத்தாழ மறைந்துவிடும். காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் முறை பாட்டின் மீது கவனம் வைக்காமல், கால் எந்த இடத்தில் தானாகத் தட்டுகிறது என்று பாருங்கள். கால் தட்டும் இடத்தில் கீழே ஒரு தடித்த ஒலி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கார்டுக்குப் போகும்போது அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தொடர்ந்தால், மூன்றாவது முறை கேட்கும்போது பாஸ் தனிக் குரலாகவே கேட்கத் தொடங்கும்.

மேண்டலின் வாசித்தவர் பாஸுக்கு எப்படி வந்தார்? இரண்டும் நேரெதிர் கருவிகள் ஆயிற்றே.

பள்ளி நாட்களிலேயே ப்ளூகிராஸ் பித்துப் பிடித்து, லாஸ் ஏஞ்சலஸின் ஆஷ் குரோவ் இசைக்கூடத்திற்குப் போய் கென்டக்கி கர்னல்ஸ் குழுவைக் கேட்டவர் ஹில்மன். ஸ்காட்ஸ்வில் ஸ்குவிரல் பார்க்கர்ஸ் என்ற சான் டியாகோ குழுவில் வாசித்தார். அடுத்து வெர்ன் காஸ்டின், ரெக்ஸ் காஸ்டின் சகோதரர்களுடன் இன்னொரு குழு. அந்தக் குழுவைப் பதிவு செய்த ஜிம் டிக்சன்தான் 1964இல் ஜிம் மெக்வின் (பின்னாளில் ரோஜர் மெக்வின்), ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி மூவரையும் வைத்து ஒரு புதிய குழுவுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார். பாஸ் வாசிக்க ஆள் வேண்டும் என்று அவர் அழைத்தபோது, ஹில்மன் அதுவரை பாஸ் கிட்டாரை வாசித்ததே இல்லை. டிரம்மர் மைக்கேல் கிளார்க்கிடம் அப்போது டிரம்மே இல்லை. அட்டைப்பெட்டிகளைத் தட்டிப் பயிற்சி செய்தார். ஒத்திகை முழுவதையும் டிக்சன் நாடாவில் பதிவு செய்து உடனுக்குடன் போட்டுக் காட்டுவார். தம் தவறுகளைத் தாமே கேட்டுத் திருத்திக்கொண்டு வளர்ந்த குழு அது.

நேரெதிர் என்று நீங்கள் சொன்னதில் ஓர் அழகான உண்மை இருக்கிறது. மேண்டலினின் கம்பிகள் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி கூட்டப்படும். பாஸின் கம்பிகளோ ஈ, ஏ, டி, ஜி. அதே நான்கு எழுத்துகள், அப்படியே தலைகீழாக. அதைவிட முக்கியமானது தாளம். டிரம் இல்லாத ப்ளூகிராஸில் பாஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழ, மேண்டலின் இரண்டிலும் நான்கிலும் கம்பியை அமுக்கி வெட்டினாற்போல் ஒலித்து டிரம்மின் வேலையைச் செய்கிறது. எனவே நல்ல மேண்டலின்காரர் எவரும் ஆண்டுக்கணக்கில் பாஸைக் கேட்டுக்கொண்டே, அது விட்ட இடத்தை நிரப்பியவராகத்தான் இருப்பார். ஹில்மன் பாஸைக் கையில் எடுத்தது அப்போதுதான் என்றாலும், காதில் அது பல ஆண்டுகளாக இருந்தது. விரலால் மீட்டாமல் மேண்டலினைப் போலவே பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கொண்டு வாசித்ததாலும், மெட்டு வாசித்துப் பழகிய கை என்பதாலும், அவருடைய பாஸ் வரிகள் ஸ, ப என்று நின்றுவிடாமல் இடையிடையே பாட்டுக்கு எதிர்மெட்டாக ஓடுகின்றன.

பேர்ட்ஸின் முதல் வெற்றிப் பாட்டில் அவர் வாசிக்கவே இல்லையாமே? ஏமாற்று இல்லையா?

வாசிக்கவில்லை என்பது உண்மை. 1965 ஜனவரியில் பதிவாகி, ஜூனில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டில், குழுவிலிருந்து மெக்வின் மட்டுமே கருவி வாசித்தார். மற்றவை லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோ கலைஞர்களின் கை. பாஸ் வாசித்தவர் லாரி நெக்டல். பதிவு நிறுவனத்திற்குப் புதிய குழுவின் மீது நம்பிக்கை இல்லாத காலத்தில் இது பரவலான நடைமுறை.

ஏமாற்று என்ற சொல் எனக்கு ஏற்புடையதல்ல. ஏனென்றால் அடுத்த சில மாதங்களில் முதல் நீள்தட்டின் மற்றப் பாடல்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் குழுவினர் தாமே வாசித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 'டர்ன்! டர்ன்! டர்ன்!' முதலிடம் பெற்றபோது அதில் கேட்பது ஹில்மனின் பாஸ்தான். பாஸ் கிட்டாரை எடுத்து ஓராண்டு சொச்சத்திலேயே நாட்டின் முதலிடப் பாட்டில் வாசித்திருக்கிறார் என்பதே இதில் நினைவில் வைக்க வேண்டியது.

பாட்டெழுத எப்போது தொடங்கினார்? முதல் இரண்டு தட்டுகளில் அவர் பெயரே இல்லையே.

முதல் இரண்டு ஆண்டுகள் அவர் பாடவும் இல்லை, எழுதவும் இல்லை. பின்னால் நின்று வாசித்தார், அவ்வளவுதான். கூச்ச சுபாவம் ஒரு காரணம். ஜீன் கிளார்க், மெக்வின், கிராஸ்பி என மூன்று பாடகர்கள் முன்னால் நின்றது இன்னொரு காரணம். 1966இன் தொடக்கத்தில் ஜீன் கிளார்க் விலகியதும் குழுவில் பாட்டுக்கும் குரலுக்கும் ஓர் இடம் காலியானது.

திருப்பம் நேர்ந்தது ஓர் ஒலிப்பதிவு அறையில். தென்னாப்பிரிக்கப் பாடகி லெட்டா எம்புலுவுக்காக ட்ரம்பெட் கலைஞர் ஹ்யூ மசெகேலா ஏற்பாடு செய்த பதிவில் பாஸ் வாசிக்க ஹில்மன் அழைக்கப்பட்டார். அந்தத் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களுடன் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது பாட்டு தானாக வரத் தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படி அவர் எழுதிய முதல் பாட்டு 'டைம் பிட்வீன்'. ஆப்பிரிக்கத் தாளம் தந்த உந்துதலில் உட்கார்ந்தவருக்கு வந்த பாட்டு, கேட்டால், அசல் கன்ட்ரி. ஒருவருக்குள் ஊறிக்கிடப்பது எதுவோ அதுதான் கதவு திறந்ததும் வெளியே வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கேட்டதில்லை.

1967 பிப்ரவரியில் வெளிவந்த 'யங்கர் தன் யெஸ்டர்டே' தட்டில் பதினொரு பாடல்கள். அவற்றில் நான்கு ஹில்மன் தனியாக எழுதியவை. ஐந்தாவது மெக்வினுடன் சேர்ந்து எழுதிய 'சோ யூ வான்ட் டு பி எ ராக் அண்ட் ரோல் ஸ்டார்'. அந்தப் பாட்டில் மசெகேலாவே வந்து ட்ரம்பெட் வாசித்தார். 'டைம் பிட்வீன்' பாட்டுக்கு கிட்டார் வாசிக்க ஹில்மன் அழைத்தது, சிறுவனாக ஆஷ் குரோவில் அவர் வாய்பிளந்து கேட்ட கென்டக்கி கர்னல்ஸ் குழுவின் கிளாரன்ஸ் வைட்டை. கன்ட்ரி ராக் 1968இல் தொடங்கியது என்று எழுதுபவர்கள், 1966இன் இறுதியில் பதிவான இந்தப் பாட்டைக் கேட்காமல் எழுதுகிறார்கள் என்றே எண்ணுகிறேன்.

பாஸ் வாசிப்பதில் வரும் பணத்துக்கும் பாட்டெழுதுவதில் வரும் பணத்துக்கும் அப்படியென்ன வேறுபாடு?

மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஸ்டூடியோவில் கூலிக்கு வாசிப்பவருக்கு அன்றைய அமர்வுக்குரிய தொகை. குழு உறுப்பினருக்குத் தட்டு விற்பனையில் பங்கு உண்டு. ஆனால் ஒலிப்பதிவுச் செலவையெல்லாம் நிறுவனம் கழித்த பிறகே அது கைக்கு வரும். பாடலாசிரியருக்கோ ஒவ்வொரு பிரதிக்கும் சட்டப்படி தொகை. 1909ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த அந்தத் தொகை, ஒரு பாட்டுக்கு ஒரு பிரதிக்கு 2 சென்ட். 1977 முடியும் வரை அது மாறவே இல்லை.

கணக்கு எளிது. ஒரு தட்டு 1,00,000 பிரதிகள் விற்றால் ஒரு பாட்டுக்கு 2,000 டாலர். வழக்கப்படி பாதி, பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பகத்துக்குப் போக மீதி 1,000. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் ஆளுக்கு 500. இதில் பாட்டு முன்பக்கமா பின்பக்கமா என்ற வேறுபாடு இல்லை. 'மிஸ்டர் டாம்பரின் மேன்' சிறுதட்டின் பின்பக்கத்தில் ஜீன் கிளார்க் எழுதிய பாட்டு இருந்ததால், முன்பக்கம் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்கும் பணம் வந்தது. ஒரே மேடையில் நின்ற ஐவரில் ஒருவருக்கு மட்டும் வருமானம் உயர்ந்தது. அது குழுவுக்குள் மனக்கசப்பை வளர்த்தது.

வானொலியின் கதை இன்னும் கூர்மையானது. அமெரிக்காவில் வழக்கமான வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் பாடலாசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் மட்டுமே பணம் தரக் கடமைப்பட்டவை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் எதுவும் இல்லை. ஆகவே ஒரு பாஸ் கலைஞர் பாட்டெழுதத் தொடங்குவது கலைத்தாகம் மட்டுமல்ல; முதுமைக்கான சேமிப்பும்கூட.

1968இல் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் என்ன நடந்தது?

கன்ட்ரி இசையின் தலைமைக் கோயில் என்று கருதப்படும் வாராந்திர வானொலி நிகழ்ச்சி அது; அன்று நாஷ்வில் ரைமன் அரங்கில் நடந்துவந்தது. 1968 மார்ச்சில், அந்நகரில் ஒலிப்பதிவுக்கு வந்திருந்த பேர்ட்ஸ் குழு அதில் வாசித்தது. நீளமுடி வளர்த்த கலிஃபோர்னிய ராக் இளைஞர்களை அரங்கினர் ஏளனக் கூச்சலோடுதான் வரவேற்றார்கள். கன்ட்ரிப் பாடகர் மெர்ல் ஹாகர்டின் இரண்டு பாடல்கள் என்று அறிவித்திருந்த நிலையில், இரண்டாவதற்குப் பதிலாக, அந்த ஆண்டுத் தொடக்கத்தில் குழுவில் சேர்ந்திருந்த கிராம் பார்சன்ஸ் தாம் இணைந்து எழுதிய 'ஹிக்கரி விண்ட்' பாட்டைப் பாடினார். அறிவித்ததை மேடையிலேயே மாற்றியது நிகழ்ச்சி நடத்தியவர்களுக்குப் பெரும் கோபத்தைத் தந்தது.

ஹில்மனைப் பொறுத்தவரை இதில் ஒரு வேதனை உண்டு. பார்வையாளர்கள் அவரை வேற்று ஆளாகப் பார்த்தார்கள். ஆனால் அந்த மேடையில் நின்ற குழுவில் கன்ட்ரியோடும் ப்ளூகிராஸோடும் சிறுவயதிலிருந்தே வளர்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த ஆண்டு வந்த 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' முழுக்க கிராம் பார்சன்ஸ் செய்ததுதானே? ஹில்மன் பக்கவாத்தியம்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பொறுமையாக விடை சொல்ல வேண்டியதும் இதுதான். பார்சன்ஸின் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1968 தொடக்கத்தில் அவர் வந்த வேகம்தான் மெக்வின் வேறொரு திட்டத்தைக் கைவிட்டு முழுக் கன்ட்ரித் தட்டுக்கு இசையக் காரணம். 'ஹிக்கரி விண்ட்' அவருடைய தலைசிறந்த பாடல்களில் ஒன்று. ஹில்மனின் சொந்தப் பாட்டு எதுவும் அந்தத் தட்டில் இல்லை என்பதும் உண்மை.

ஆனால் பார்சன்ஸைக் குழுவுக்குள் அழைத்து வந்தவரே ஹில்மன்தான். பெவர்லி ஹில்ஸில் ஒரு வங்கியில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். கன்ட்ரிக்கான ஆர்வம் குழுவுக்குள் முன்பே இருந்தது என்பதற்கு மேலே சொன்ன 1967 தட்டு சான்று. மெக்வின் ஒரு பக்கம், பார்சன்ஸ் ஒரு பக்கம் என்றிருந்த குழுவில், பார்சன்ஸின் பக்கம் ஹில்மன் நிற்காமல் போயிருந்தால் அந்தத் தட்டு அப்படி வந்திருக்காது. அதில் அவர் பாஸும் மேண்டலினும் வாசித்து, 'ஐ ஆம் எ பில்கிரிம்', 'ப்ளூ கனேடியன் ராக்கீஸ்' ஆகிய இரண்டைத் தாமே பாடினார். 1968 ஆகஸ்டில் வெளியானபோது தட்டு பில்போர்ட் இதழின் அமெரிக்கப் பட்டியலில் 77ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அதன் மதிப்பு பின்னாளில் வளர்ந்தது.

பார்சன்ஸ் 1973 செப்டம்பரில் 26 வயதில் இறந்தார். இளமையில் இறந்தவரைச் சுற்றிக் கதை வளரும். உயிரோடிருந்து அடுத்த நாளும் வேலைக்குப் போனவரைச் சுற்றி வளராது. ஹில்மனின் பங்கு மறைந்ததற்கு இதைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பரிட்டோ பிரதர்ஸின் முதல் தட்டில் பாஸ் வாசித்தது வேறொருவர் என்று போட்டிருக்கிறதே?

ஆம், மிசிசிப்பியைச் சேர்ந்த கிறிஸ் எத்ரிட்ஜ். 1969 பிப்ரவரியில் வந்த 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' தட்டில் ஹில்மன் கிட்டாரும் மேண்டலினும் வாசித்துப் பாடினார். எத்ரிட்ஜ் அதே ஆண்டு விலகியதும் மீண்டும் பாஸுக்குத் திரும்பினார். 1970இன் 'பரிட்டோ டீலக்ஸ்' தட்டில் கேட்பது அவர் பாஸ்.

அந்த முதல் தட்டில் அவருடைய உண்மையான வேலை எழுத்துதான். பதினொரு பாடல்களில் ஆறு, ஹில்மனும் பார்சன்ஸும் சேர்ந்து எழுதியவை. லாஸ் ஏஞ்சலஸின் புறநகரில் இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்த மாதங்கள் அவை. 'சின் சிட்டி' பாட்டின் தொடக்கத்தை ஒரு காலையில் எழுதிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த பார்சன்ஸை எழுப்பி, அரை மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து முடித்ததாக ஹில்மன் கூறியிருக்கிறார். பார்சன்ஸுக்கு வந்த ராணுவச் சேர்க்கைக் கடிதத்திலிருந்து 'மை அங்கிள்' பிறந்தது. தட்டு அன்று விற்கவில்லை, 164ஆம் இடம்தான். ஆனால் 1975இல் பாடகி எமிலூ ஹாரிஸ் தம்முடைய 'எலீட் ஹோட்டல்' தட்டில் 'சின் சிட்டி', 'வீல்ஸ்' இரண்டையும் பாட, அந்தத் தட்டு கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. மேலே போட்ட 2 சென்ட் கணக்கு நினைவிருக்கட்டும்: விற்காத தட்டில் எழுதிய பாட்டு, ஆறு ஆண்டுகள் கழித்து வேறொருவர் குரலில் எழுதியவருக்குச் சோறு போட்டது.

எமிலூ ஹாரிஸைக் கண்டுபிடித்தவரும் ஹில்மன்தான் என்கிறார்களே?

பார்சன்ஸ் விலகிய பிறகு, 1971இல் பரிட்டோ பிரதர்ஸ் வாஷிங்டன் சென்றிருந்தபோது, ஒரு சிறு விடுதியில் பாடிக்கொண்டிருந்த அவரை ஹில்மனும் குழுவினரும் கேட்டார்கள். அப்போது தமக்குத் துணைக்குரல் தேடிக்கொண்டிருந்த பார்சன்ஸிடம் அவரைப் பற்றிச் சொன்னவர் ஹில்மன். சண்டையிட்டுப் பிரிந்த நண்பருக்கு இந்தத் தகவலைக் கொண்டு சேர்த்தது அவருடைய இயல்பைக் காட்டுகிறது. கண்டுபிடித்தார் என்பதை விட, சேர்த்துவைத்தார் என்பது பொருத்தமான சொல்.

1970களில் இத்தனை குழுக்கள் மாறியது ஏன்?

ஸ்டீபன் ஸ்டில்ஸின் மனாசஸ், பேர்ட்ஸ் குழுவின் 1973 மறுசந்திப்பு, சவுதர்–ஹில்மன்–ஃபியூரே பேண்ட், இரண்டு தனித்தட்டுகள், மெக்வின், கிளார்க் அண்ட் ஹில்மன் என்று அந்தப் பத்தாண்டு ஓடியது. பெரிய பெயர்களைச் சேர்த்துக் குழு அமைத்தால் வெற்றி உறுதி என்று பதிவு நிறுவனங்கள் நம்பிய காலம். 1972இன் மனாசஸ் இரட்டைத்தட்டு மட்டுமே எனக்கு முழு நிறைவு தருவது; அதில் ஸ்டில்ஸுடன் சேர்ந்து எழுதிய 'இட் டஸன்ட் மேட்டர்' நல்ல பாட்டு. மற்றவற்றை விரும்பினால் கேட்கலாம்.

டெசர்ட் ரோஸ் பேண்டில் அவர் பாஸே வாசிக்கவில்லை. பிறகு எப்படி அவரை "கன்ட்ரி பாஸ் கலைஞர்" என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. 1980களில் அவர் சிறிய ப்ளூகிராஸ் நிறுவனம் ஒன்றுக்குத் தட்டுகளைப் பதிவு செய்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். 1985இல் டான் ஃபோகல்பெர்கின் ப்ளூகிராஸ் தட்டில் வாசித்ததும், அதையொட்டிய பயணத்தில் ஹெர்ப் பீடர்சன் முதலியவர்களுடன் சேர்ந்ததும் டெசர்ட் ரோஸ் பேண்டாக உருவெடுத்தன. அதில் ஹில்மன் கிட்டார் வாசித்துப் பாடினார். பாஸ் பில் பிரைசனுடையது. 1988இல் 'ஹீ'ஸ் பேக் அண்ட் ஐ'ம் ப்ளூ', 1989இல் ஹில்மனும் ஸ்டீவ் ஹில்லும் எழுதிய 'ஐ ஸ்டில் பிலீவ் இன் யூ' ஆகியவை கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பெற்றன. ராக் குழுவிலிருந்து வந்து கன்ட்ரி வானொலியின் முதலிடத்தில் அமர்ந்தவர்கள் அன்று மிகச் சிலரே.

ஆகவே அவரைப் பாஸ் கலைஞர் என்று மட்டும் சொல்வது போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் குழுவின் பாடல்களை உற்றுக் கேட்டால், எல்லாவற்றிலும் மெட்டு பாஸுக்கு இடம் விட்டே எழுதப்பட்டிருக்கிறது. வரிக்கும் வரிக்கும் இடையில் மூச்சுவிடும் வெளி இருக்கிறது. கார்டு மாறும் இடத்தில் சொல் நெருக்கடி இல்லை. அடித்தளத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் வாசித்தவர் எழுதும் பாட்டு இப்படித்தான் இருக்கும்.

பாஸ் வாசித்துப் பாடலாசிரியர் ஆனவர்கள் கன்ட்ரியில் வேறு யாரும் உண்டா?

உண்டு, அதுவும் மிகப் பெரியவர்கள். வில்லி நெல்சன் புகழ்பெறும் முன் ரே பிரைஸின் குழுவில் பாஸ் வாசித்தார். மெர்ல் ஹாகர்ட் 1962இல் லாஸ் வேகஸில் வின் ஸ்டூவர்ட்டின் குழுவில் பாஸ் வாசித்தார். வேலன் ஜென்னிங்ஸ் 1959இல் பட்டி ஹாலியின் கடைசிப் பயணத்தில் பாஸ் கலைஞர். ஆனால் இம்மூவருக்கும் பாஸ் ஒரு படிக்கட்டு. முன்மேடைக்குப் போனதும் கீழே வைத்துவிட்டார்கள். மறுபக்கம் நாஷ்வில் ஸ்டூடியோக்களில் பாப் மூர் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் பாஸ் மட்டுமே வாசித்து ஆயிரக்கணக்கான பதிவுகளைத் தாங்கினார்கள். ஹில்மன் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பவர்.

இப்போதும் பாடுகிறாரா? கடைசியாக என்ன வந்தது?

2017 செப்டம்பரில் 'பைடின்' மை டைம்' தட்டு வந்தது. அதைத் தயாரித்தவர், இளமையிலிருந்தே பேர்ட்ஸ் குழுவின் மீது பற்று வைத்திருந்த ராக் பாடகர் டாம் பெட்டி. தட்டு வெளிவந்த சில நாட்களில், அக்டோபர் 2 அன்று, பெட்டி இறந்தார். ரான்சோ சாண்டா ஃபேயில் ஹில்மன் சிறுவனாக இருந்தபோது பார்த்த ஒரு முதிய மனிதர், ஓய்வுபெற்ற ஊமைப்பட இயக்குநர். அவரைப் பற்றி 1967இல் எழுதிய பாட்டை ஹில்மன் இந்தத் தட்டில் ப்ளூகிராஸாக மாற்றிப் பாடியிருக்கிறார். 2018இல் மெக்வினும் அவரும் மார்ட்டி ஸ்டூவர்ட்டின் குழுவோடு சேர்ந்து 'ஸ்வீட்ஹார்ட்' தட்டின் ஐம்பதாம் ஆண்டுக்காகப் பயணம் செய்தார்கள். 2020இல் தன்வரலாறு எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு, தாம் எழுதிய முதல் பாட்டின் தலைப்பே.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

அந்த முதல் பாட்டிலிருந்தே. 'டைம் பிட்வீன்' இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: 1967இல் பேர்ட்ஸ் குழுவுடன் ஒன்று, 1987இல் டெசர்ட் ரோஸ் பேண்டின் முதல் தட்டில் இன்னொன்று. இரண்டிலும் பாடுபவர் அவரே. முதலாவதில், முன்வந்து பாடுவதற்கு இன்னும் முழுத் துணிவு வராத 22 வயது இளைஞனின் மெல்லிய குரல் கேட்கும். அதற்குக் கீழே பிக் கொண்டு அடித்த பாஸ், குரலை விட உறுதியாக நடக்கும். இரண்டாவதில் குரல் முன்னால் வந்து நிற்கும். பாஸை பிரைசன் கையில் கொடுத்துவிட்டு ஹில்மன் நிம்மதியாகப் பாடுவார்.

முதலில் இரண்டையும் பாட்டாகக் கேளுங்கள். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மேலே சொன்னபடி கால் தட்டும் இடத்தில் காதை வைத்து, 1967 வடிவத்தை இன்னொரு முறை கேளுங்கள்.